எட்ட நின்றவர்

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

ஆஸ்பத்திரி அறைக்குள் கால் வைத்ததும் தியாகராஜா கேட்ட முதல் கேள்வியே பவித்திரனுக்குச் சுருக்கென்று தைத்தது. யாழ்ப்பாணத்தார் ஊர் கேட்டால் அது ஊரோடு நிற்காது. ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று துருவிக்கொண்டே போய்க் கடைசியில் சாதியில்தான் முட்டி நிற்கும். கடல் தாண்டி லண்டனுக்கு வந்தும் இந்த வியாதிக்கு மட்டும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

ஆனாலும் ஊரைச் சொன்னான். கட்டிலில் கிடப்பது அம்மா. கோபப்பட இது நேரமில்லை.

இன்றைக்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். யாரும் சொல்லாமலே அம்மா சரோஜினிக்கும் அது தெரிந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. யாராவது ஒரு சைவப் பெரியவர் வந்து பதிகம் பாடி, நெற்றியில் தொட்டுத் திருநீறு பூசிவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு இது சின்ன ஆசையாகத் தெரியலாம். சரோஜினி பிறந்த ஊரில் அவருடைய ஆட்கள் கோயிலுக்கு வெளியே, வீதியில் நின்றுதான் சாமி கும்பிட்டார்கள். திருநீற்றைக்கூட விரல் பட்டுவிடாமல் மேலே இருந்து கையில் போடுவார்கள். லண்டன் நோர்பரிக்கு வந்து பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் அந்த நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. சாகிறதுக்கு முன் ஒருக்காலாவது ஒரு மனிதர் தொட்டுப் பூசட்டும் என்று மகனிடம் கேட்டிருந்தார்.

பவித்திரன் நேர்ஸ் டொலறஸிடம் போனான். அவள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, கத்தோலிக்கப் பெண். திருநீற்றுக் கதையை அவளிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. பதிகம் பாட ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னான். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற தொண்டர்களில் ஒரு சைவக்காரர் இருக்கிறார், எப்படியாவது பிடித்து வருகிறேன் என்று அவள் போனாள். அப்படி வந்தவர்தான் இந்தத் தியாகராஜா. கசங்கிய சேர்ட்டும் சவரம் செய்யாத முகமுமாக இருந்தார்.

பவித்திரன் கதிரையை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். வேண்டாம் என்று கையை அசைத்தார். கட்டிலுக்குக் கிட்ட வரச் சொன்னான். இதிலேயே நிற்கிறேன் என்று கதவோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

ஊரைக் கேட்டாயிற்று, இனி எங்கள் கதிரையும் தேநீரும் இவருக்கு ஆகாது என்று பவித்திரன் நினைத்துக்கொண்டான்.

பாட்டில் குறை சொல்ல முடியாது. மனிதர் உருகி உருகிப் பாடினார். இடையில் குரல் உடைந்து நின்றுவிட்டது. தொண்டையைச் செருமி மறுபடி எடுத்தார். சரோஜினியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பாட்டு முடிந்ததும் அவர் சிரமப்பட்டுத் தலையை நிமிர்த்தி நெற்றியைக் காட்டினார்.

பவித்திரன் திருநீற்றை எடுத்து நீட்டினான். "ஐயா, உங்கட கையால அம்மாவுக்குப் பூசிவிடுங்கோ."

தியாகராஜா ஓர் அடி பின்னால் போனார். "நீங்களே பூசுங்கோ தம்பி. நான் தொடக்கூடாது."

"ஏன் தொடக்கூடாது?"

அவர் வாயைத் திறந்தார். கட்டிலில் கிடந்தவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

நிமிர்த்திய தலையைச் சரோஜினி மெல்லத் தலையணையில் சாய்த்தார். பக்கத்தில் குனிந்த மகனுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். "விடு மோனை. எங்களுக்குப் பழகினதுதானே."

பவித்திரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தியாகராஜாவைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"சாகப்போற மனிசியையும் இப்பிடி அவமானப்படுத்துறியளே, உங்கட நெஞ்சில ஈரமே இல்லையா? இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

மறுத்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் மன்னித்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து போனார். மன்னிப்புக் கேட்டது பவித்திரனின் கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

கடைசியில் மகன்தான் திருநீறு பூசினான். அம்மா கண் திறக்கவில்லை. பொழுது சாயும் முன்னரே மூச்சு அடங்கிவிட்டது. 'பழகினதுதானே' என்றதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

டொலறஸ் வந்து நாடி பார்த்தாள். வெள்ளைத் துணியை மெல்ல முகம்வரை இழுத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னாள். பவித்திரன் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவளிடம் கொட்டி அழுதான். அம்மா மனம் நொந்து போய்விட்டார், அந்தச் சாதிமானைச் சும்மா விடப்போவதில்லை, மேலிடத்தில் முறையிடத்தான் போகிறேன் என்றான்.

டொலறஸின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ தம்பி, அவர் அப்பிடி ஆளில்லை. இண்டைக்குக் காலமைதான் அவற்ற பெண்சாதி கீழ் வாட்டில செத்துப்போனவ. அழுதுகொண்டு இருந்த மனுசனை நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தனான். செத்த வீட்டுத் துடக்குத் தீட்டோட திருநீறு தொடக்கூடாது, எட்ட நிண்டு பாடுறன், சாகக் கிடக்கிறவவுக்கு இன்னொரு சாவைச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தவர்."

"அம்மா, இவ சொன்னதைக் கேட்டனீங்களோ..." என்று பவித்திரன் கட்டிலின் பக்கம் திரும்பினான்.