நடுமரத்துக் குருத்து

இலங்கையின் வாத்துவையில் காலை வெயில் தென்னங்கீற்றுக்கே முதலில் கிடைக்கிறது, பிறகு கள் இறக்கும் லீலானந்தவுக்கு. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல், கள்ளுக்கான சுரைக்குடுக்கை இடுப்பில் ஆட, நாங்கள் தரையில் நடப்பதைவிட ஒழுங்காக அவர் நடக்கிறார். நடுமரத்தின் உச்சியில் காண்டாமிருக வண்டு புகுந்திருக்கிறது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமும் போகும், கயிற்றுப் பாதையும் போகும். துளைக்குள் கம்பிக் கொக்கியை விட்டு வண்டை இழுத்துக் கீழே போடுகிறார். “குருத்து இருக்கா?” என்று கீழிருந்து மனைவி சுமனலதா கத்துகிறாள். “இருக்குடி! தந்தம் மாதிரி வெள்ளையா!” வண்டு மறுபடி வராதிருக்க, உப்பும் மணலும் கலந்து மட்டை இடுக்குகளில் விரலால் பதமாக ஊட்டுகிறார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாள் அப்படி ஊட்டியிருக்கீங்களா?” என்கிறாள் அவள். அடுத்த மரத்துக்குக் கிளம்பும்போது, கயிற்றில் முதல்முறையாக அவர் கால் தடுமாறுகிறது.