முன்னூறு கலோரி

அன்று காலையும் கடையில் வாங்கிய அந்த டயட் சாப்பாட்டு டப்பாவை நான்தான் என் மனைவியின் பையில் வைத்தேன். லெட்டூஸ் இலையில் சுருட்டிய கோழிக்கறி, முன்னூறு கலோரி. பிரித்தால் அப்படியே சாப்பிடலாம்.

"இன்னைக்கு ஒரு நாள் வேணாமேங்க."

"பூசணிக்காயா இருந்த உன்னைப் பதினாலு கிலோ குறைச்சிருக்கேன். இப்ப விட்டா எல்லாம் பாழ்."

மதியம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய், முற்றியிருந்தது.

"இவ்வளவு இளைச்சாங்களே, யார்கிட்டயும் காட்டலையா?" என்றார் பெரிய டாக்டர்.

காட்டியிருந்தோம். மூன்று மாதம் முன்பு எங்கள் டாக்டர் அவளைத்தான் கேட்டார், "தானா இளைக்குதாம்மா?" என்று. அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் நம்ம கைங்கரியம் டாக்டர்!" டப்பாவின் லேபிளைக்கூடக் காட்டினேன். அவர் என் கையைக் குலுக்கினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க அவளுடைய பக்கத்து மேஜைப் பெண் வந்தாள்.

"அண்ணா, அந்த டப்பாவை அக்கா ஒரு நாளும் தொட்டதில்ல. நான்தான் சாப்பிட்டேன். அவங்க கேன்டீன்ல வயிறு முட்டச் சாப்பிடுவாங்க. 'இவ்வளவு தின்னும் ஏன்டி இளைக்கிறேன்'னு பயந்தாங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னேன். 'அவரும் கூடவே வர்றாரே, தெரிஞ்சா கொன்னுடுவாரு'ன்னு சிரிச்சாங்க."

மேஜையில் கிடந்ததென்று அவளுடைய கேன்டீன் அட்டையைக் கொடுத்தாள். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு துளை.

அதில் ஒன்பது கட்டங்கள் இன்னும் துளையிடப்படாமல் இருக்கின்றன.