சீட்டு கேட்காத கடை

“ஊருக்கெல்லாம் மாத்திரை விக்கிற. பெத்தவளுக்கு ஒரு அட்டை வாங்கியார துப்பில்லையாடா உனக்கு?”

வரதன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகன் நிலவனுக்கு இன்டர்நெட்டில் மருந்து விற்கும் கம்பெனியில் வேலை. அமெரிக்காவிலிருந்து போன் வந்தால் பேசி ஆர்டர் பிடிக்க வேண்டும். எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் தஸ்ஸு புஸ்ஸென்று இங்கிலீஷ் பேசிச் சம்பாதிக்கிற முதல் பிள்ளை. வரதன் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத டீக்கடை அந்த வட்டாரத்தில் கிடையாது.

இப்போது அம்மா பச்சையம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய்த் தலை சுற்றுகிறது. மெடிக்கல் ஷாப்காரர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, “டாக்டர்கிட்ட புதுசா எழுதி வாங்கினு வாம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“உங்க கம்பெனிலதான் சீட்டே வோணாமே. நெட்ல தட்டிவுட்டா வூட்டுக்கே வந்துடாது?”

“அது வோணாம் நைனா.”

“ஏன், உன் சம்பளத்துல ஓட்டை வுழுந்துடுமா?”

நிலவன் மறுநாள் லீவு போட்டான். அம்மாவை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் இவன் நின்றான். டாக்டர் பிரஷரைப் பார்த்துப் பதறிப்போய், வேறு மாத்திரை மாற்றி எழுதினார். கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்து, பில்லும் கேட்டு வாங்கினான்.

சாயங்காலம் வரதனுக்கு மனசு கேட்கவில்லை. வயசுப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே!

“கோச்சிக்காதடா. நாள் பூரா அல்லாடிக்கினு வந்துகீறியே, உன் கம்பெனிலயே வாங்கிருக்கலாமேன்னுதான்...”

நிலவன் குரலைத் தாழ்த்தினான். “நைனா, சீட்டு கேக்காம பிரஷர் மாத்திரை தர்ற கடைல எப்பவும் வாங்கக் கூடாது. எங்க மாத்திரைய எவன் செய்றான், எங்க செய்றான், உள்ள இன்னா கீது, எதுவும் எனக்கே தெரியாது. அத்தப் போயி அம்மாவுக்குத் தருவனா?”

வரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, லீவு நாளிலும் விடாத கம்பெனி செல்போன் அடித்தது. நிலவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தான். குரலில் தேன் வடிந்தது.

ஹார்பரில் கப்பல்காரர்களோடு காலம் தள்ளிய வரதனுக்கு, அரைகுறை இங்கிலீஷ் என்றாலும் அவ்வளவும் புரிந்தது.

“ஃபார் யுவர் மதர்? நோ ப்ராப்ளம் மேடம்! டாக்டர் லெட்டர் நாட் நெசசரி. வெரி சேஃப்... மை மதர் டேக்ஸ் த சேம் டேப்லட்!”