சிவப்பி பிடித்த வெளிச்சம்

கடலுக்குள், வெளிச்சம் குறைந்த ஆழத்தில், ஒரு செம்பாசி இருந்தது. அதன் உடலுக்குள் மூன்று நிறமிகள் வேலை பார்த்தன. சிவப்பி வெளிச்சத்தைப் பிடித்து நீலியிடம் கொடுப்பாள். நீலி அதைப் பச்சையம்மாளிடம் சேர்ப்பாள். பச்சையம்மாள் சமைத்தால்தான் பாசிக்குச் சாப்பாடு.

சிவப்பிக்கு நிம்மதியே கிடையாது. "நான் கொடுத்தது முழுசாப் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"வழியில கொஞ்சம் சூடா மாறி வீணாப் போயிடும் அக்கா. எப்பவும் அப்படித்தானே?" என்பாள் நீலி.

அந்தக் 'கொஞ்சம்' சிவப்பியை அரித்தது. இவளே எடுத்துக்கொள்கிறாளோ?

ஒருநாள் மேலே மேகம் மூடிக்கொண்டது. ஒரே ஒரு கீற்று வெளிச்சம்தான் கீழே வந்தது. சிவப்பி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் கொடுங்கக்கா! வச்சிருந்தா நிக்காது!" நீலி பதறிக் கை நீட்டினாள்.

"துளிகூடக் குறையாதுன்னு சொல்லு, தரேன்."

நீலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவள் தயங்கிய அந்த நொடியில் சிவப்பியின் உடம்பெல்லாம் ஆரஞ்சாக மின்னியது. வெளிச்சம் கசிந்து கடலோடு போய்விட்டது.

"அடடா, என்ன ஜொலிப்பு!" என்றபடி ஒரு மீன் கடந்து போனது.

உள்ளேயிருந்து பச்சையம்மாளின் குரல் வந்தது. "உலை வச்சுக் காத்திருக்கேன். ஏதாவது வருதா?"

நீலியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சிவப்பி அதைப் பார்க்காமல் மேலே பார்த்தாள். மேகம் கலையவில்லை.