அதிகாரி அறையில் என்ன வேலை?

“அந்த நோயாளிகள் பாதுகாப்பு அதிகாரியம்மா ரூமுக்குள்ள அப்படி என்ன வேலை உங்களுக்கு?” ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நர்ஸம்மா தன் பார்மசிஸ்ட் புருஷனிடம் கத்த, வரிசையில் நின்ற நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

“நோயாளிக்கு மருந்து மாறிப்போனா அங்கதானே சொல்லணும்?” என்றார் பார்மசிஸ்ட்.

“உங்க கையில தப்பே வராதே! அதைச் சொல்லவா இத்தனை சென்ட்டு?”

“மெதுவாப் பேசு. வார்டுல நீ மாத்திக் கொடுத்ததையெல்லாம் நான் மாத்திக் கொடுத்ததாச் சொல்லிட்டு வர்றேன்.”

மறுநாள் நர்ஸம்மாவே அந்த அறைக்குப் போய் உண்மையைச் சொன்னார், வேலை போகவில்லை.

அதிகாரியம்மா கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது வாட்டசாட்டமான இளைஞர். நர்ஸம்மா சின்னத் தப்பைக்கூட விடாமல் போய்ச் சொல்கிறார், பூவும் பொட்டுமாக.

பார்மசிஸ்ட்டின் கண் அந்த அறைக் கதவிலேயே இருக்கிறது. நேற்று நான் இருமலுக்கு மருந்து கேட்டேன், பேதிக்குக் கொடுத்தார்.