ஆபீசர் உட்கார்ந்துவிட்டார்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக் கீழே வைத்ததுதான் தாமதம், ஆபீசர் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். இமைகூடக் கொட்டவில்லை. அவளுடைய அப்பா, மருந்துக்கடைக்காரர், பையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆபீசர் என்றால் நாய். போலீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாய். பேப்பரில் வரும் போதைச் செய்திகளைப் படித்துப் படித்துத் தூக்கம் கெட்டிருந்த மருந்துக்கடைக்காரர், மோப்ப நாய் என்றதும் வேறெதுவும் விசாரிக்காமல் போன வாரம்தான் கூட்டி வந்திருந்தார்.

"எதையாவது கண்டுபிடிச்சா குரைக்க மாட்டான் சார், சும்மா உட்கார்ந்துடுவான்" என்று பயிற்சியாளர் சொல்லித்தான் அனுப்பினார்.

"பையைத் திற பாப்பா."

"முடியாதுப்பா. நாளைக்கு நாடகத்துக்கு வேண்டியது. போதை அரக்கனோட தலை. கடைசிக் காட்சியில அது சுக்குநூறாச் சிதறணும். அதுவரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேன்."

"போதையை ஒழிக்க நாடகம் போடறியா, இல்ல நாடகம் போட்டுப் போதையைக் கடத்தறியா?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதைன்னா உங்களுக்குப் பொடி, ஊசி, இருட்டுச் சந்து. எங்களுக்கு அப்படி இல்லப்பா. பக்கத்து பெஞ்சுக்காரியே சிரிச்சுக்கிட்டு 'ஒரே ஒரு தடவை'ன்னு நீட்டுவா. வேண்டாம்னு சொல்லிட்டுத் தனியா உட்கார்ந்து சாப்பிடறவ நான். என்னைப் போய்ச் சந்தேகப்படறீங்களே!"

அவருக்கும் மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஆபீசர் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கிறாரே! பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"அப்பா! முதல்ல அதை அணைங்க!"

"பேச்சை மாத்தாதே!"

"அதுவும் போதைதான்பா! தயவுசெஞ்சு அணைங்க!"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" பையை இரண்டு குலுக்குக் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது. சிகரெட் சாம்பல் பையின் மேலேயே உதிர்ந்தது.

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆபீசர் எழுந்தார், சத்தம் போடாமல் வாசலைத் தாண்டினார், எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"பார்த்தியா, உன் யோக்கியதையைப் பார்க்கச் சகிக்காம நாயே வெளிநடப்பு பண்ணிடுச்சு!" சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "பென்ஷன் வாங்கின நாயை நம்பறீங்க, பெத்த பொண்ணை நம்ப மாட்டீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தாள்.

"இதோ, இப்பவே தெரிஞ்சுடும்." பயிற்சியாளருக்கு போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். "சார், உங்க ஆள் என் பொண்ணைக் கையும் களவுமா பிடிச்சுக் கொடுத்துட்டான்! அவ பை முன்னாடி அசையாம உட்கார்ந்துட்டான். எத்தனை கிலோ இருந்தா இப்படி உட்காருவான்?"

மறுமுனையில் நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

"பை இப்ப எங்கே சார்?"

"என் மடியிலதான். விடுவேனா?"

"வச்சுட்டு ஓடுங்க சார்... அவன் வெடிகுண்டுப் பிரிவு!"