அறுநூற்று நாற்பது மீட்டர்

குழிக்குள் இரண்டு நெட்வொர்க் கேபிள்களும் அறுந்து கிடந்தன.

சிவப்பும் நீலமும். அருகருகே.

அவள் வரைந்த படத்தில் அவை இப்படி இல்லை. சிவப்புக் கோடு மருத்துவமனை வளாகத்தின் கிழக்கு ஓரமாகப் போகும். நீலக் கோடு மேற்கே சுற்றி வரும். ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும். அதற்காகத்தான் இரண்டு.

சாக்கடைக்குத் தோண்டிய பொக்லைன் ஒரே கடியில் இரண்டையும் கடித்துவிட்டது.

"ரெண்டு குழி எதுக்குன்னு ஒண்ணுலயே போட்டுட்டோம் மேடம்," என்றார் கேபிள் பதித்த காண்ட்ராக்டர் செல்வின். "நீங்களும் பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் பார்க்கவில்லை. அன்று கடும் வெயில். அறையில் உட்கார்ந்தபடியே போட்டுக் கொடுத்தாள்.

எதிரே இருந்த பிரசவ வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். கையில் பேனாவால் கிறுக்கிய சீட்டு.

"பிரசவமான பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. கம்ப்யூட்டர்ல ஆர்டர் போகல. போன்ல சொன்னா ரத்தம் தர மாட்டாங்க. வார்டுல ஒரு ஆளு இல்ல. நீங்க யாரு?"

"நெட்வொர்க்..."

"அதான் செத்துப்போச்சே. காலு இருக்குல்ல? இந்தச் சீட்டோட ரத்த வங்கிக்கு ஓடுங்க."

ஓடினாள்.

ரத்த வங்கிக்கு அறுநூற்று நாற்பது மீட்டர். அவளே அளந்து எழுதியது. திரையில் அளந்தது. தகவல் போய்ச்சேரக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது என்று கூட்டத்தில் சொல்லியிருந்தாள்.

ஒரு செருப்பு கழன்றது. நிற்கவில்லை. தார் சுட்டது.

கேண்டீன். எக்ஸ்ரே கட்டடம். மருந்து வாங்க நிற்கும் வரிசை. படத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.

ரத்த வங்கியில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே பேப்பரே வேண்டாம்னு சொன்னது நீங்கதான மேடம்?"

"சார், சீக்கிரம்."

"சரிபாக்காமக் குடுத்தா உசிரு போயிரும். நில்லுங்க."

நின்றாள். எட்டு நிமிடம்.

ரத்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அது சில்லென்று இருந்தது. அது ஏறப்போகும் பெண் எப்படி இருப்பாள், என்ன வயது, எதுவும் தெரியாது.

நர்ஸ் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். பக்கத்துப் பெஞ்சில் பிரசவமான பெண்ணின் அம்மா. மடியில், துண்டில் சுற்றிய பெண் குழந்தை.

"யாரு பெத்த புள்ளையோ. எங்களுக்காக இந்த ஓட்டம் ஓடுது."

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் அந்த அம்மா. அவள் வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டாள்.

"ஒம் பேரு என்ன தாயி? இவளுக்கு அதையே வைக்கணும்."

கதவு திறந்தது. நர்ஸின் கையில் இன்னொரு சீட்டு.

யார் முகத்தையும் பார்க்காமல் அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

"பேரச் சொல்லிட்டுப் போம்மா."

குரல் பின்னாலேயே வந்தது. அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.